குதிரைவீரன் நட்சத்திரம்: அமரில்லிஸ் கிழங்கை நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் பூக்க வைப்பது எப்படி

பங்குனி பிறந்தால் எங்கள் ஊரில் எல்லோர் கண்ணும் மாமரத்தின் மேல்தான் இருக்கும். பிஞ்சு நிற்குமா, காற்றில் கொட்டுமா என்பதுதான் பேச்சு. அந்த நேரத்தில்தான் வாசல் படியில், மூன்று மாதமாக மொட்டையாகக் கிடந்த தொட்டியிலிருந்து ஒரு பச்சைத் தண்டு கிளம்பும். இலைகூட இருக்காது. இரண்டு வாரத்தில் முழங்கை உயரம் வந்து, நுனியில் நான்கு திசைக்கும் ஒவ்வொன்றாக, உள்ளங்கையை விடப் பெரிய சிவப்புப் பூக்கள் விரியும். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு “இது பிளாஸ்டிக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

நர்சரிகளில் இதை ‘அமரில்லிஸ்’ அல்லது வெறுமனே ‘லில்லிக் கிழங்கு’ என்று விற்கிறார்கள். நானும் ஆறேழு கிழங்கைக் கொன்ற பிறகுதான் இதை வளர்க்கக் கற்றுக்கொண்டேன். கொன்றது வெயிலோ பூச்சியோ அல்ல, என் பூவாளிதான். இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் தப்பைச் சுற்றியே போகும்.

பெயரும் அர்த்தமும்

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் வீட்டுத் தொட்டியில் இருப்பது தாவரவியல்படி அமரில்லிஸ் இல்லை, ‘ஹிப்பியாஸ்ட்ரம்’. உண்மையான அமரில்லிஸ் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1753இல் லின்னேயஸ் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். நம்முடையதன் தாயகம் தென் அமெரிக்கா. பிரேசிலின் கிழக்குப் பகுதியிலும், பெரு, பொலிவியா பக்கத்து ஆண்டிஸ் மலைச் சரிவுகளிலும் இதன் காட்டு இனங்கள் அதிகம். வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1821இல் இரண்டையும் பிரித்து, இதற்குக் கிரேக்கச் சொற்களைக் கோத்துப் புதுப் பெயர் வைத்தார். குதிரைவீரன் நட்சத்திரம் என்பது அதன் பொருள். அப்படியும் வழக்கு ஓயவில்லை. 1987இல் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில்தான், அமரில்லிஸ் என்ற பெயர் தென்னாப்பிரிக்கச் செடிக்கே என்று தீர்ப்பு வந்தது. கடைக்காரர்கள் மட்டும் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நானும் இங்கே அதையே சொல்கிறேன்.

அமரில்லிஸ் என்பது ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஆயர் பாடல்களில் வரும் இடைச்சியின் பெயர். அந்தப் பெண் தன் நெஞ்சைத் தங்க அம்பால் குத்திக்கொண்டு, முப்பது நாள் காதலன் வீட்டு வாசலில் நின்றாள், சிந்திய ரத்தத்தில் இந்தப் பூ முளைத்தது என்று ஒரு கதை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. வெர்ஜிலின் பாடல்களில் அப்படி எதுவும் இல்லை. கதை நன்றாக இருப்பதால் பூ விற்கிறவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். ஐரோப்பாவில் விக்டோரியா காலத்து ஆட்கள் பூக்களுக்கு அர்த்தம் எழுதி வைத்தபோது, இதன் நிமிர்ந்த தண்டைப் பார்த்து ‘செருக்கு’ என்று எழுதினார்கள். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் சூடு காட்டி டிசம்பரில் பூக்க வைப்பதால் அங்கே இது கிறிஸ்துமஸ் பூ. நமக்குச் சும்மா விட்டாலே தவக்காலம் முடியும் சமயத்தில் பூக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஈஸ்டருக்குப் பீடத்தில் வைக்கவென்றே இதை வளர்க்கிறது.

நம் மரபில் இதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. வாசனை இல்லை, தலையில் சூட முடியாது, சரம் தொடுக்க முடியாது, பூ மார்க்கெட்டில் விலை போகாது. ஆனால் பூவை அடையாளமாகப் படிக்கிற பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தகடூர், அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் போர்க்கோலத்தில் நின்றபோது பனந்தோட்டோடு வெட்சியும் வேங்கையும் சேர்த்துச் சூடியிருந்ததை ஔவையார் பாடியிருக்கிறார். ஆநிரை கவரப் போகிறவனுக்கு வெட்சி, வென்றவனுக்கு வாகை என்று பூவைப் பார்த்தே சேதி தெரிந்துகொண்ட ஊர் இது. நம் இரண்டு மாவட்டங்களிலும் வயலோரம், ஏரிக்கரை என்று எங்கே திரும்பினாலும் நடுகல் நிற்கிறது. பல இடங்களில் அந்த வீரன்தான் வேடியப்பன் என்று கும்பிடப்படும் சாமி. குதிரைவீரன் பெயரைச் சுமந்து வந்த பூ இங்கே வந்து சிவப்பாகப் பூப்பது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. ஒரு வருடம் வேடியப்பன் கல்லுக்கு முன்னால் ஒரு தண்டை வைத்தேன். பூசாரி ஒரு பார்வை பார்த்தார், எடுக்கவில்லை.

சரி, கிழங்குக்கு வருவோம்.

முதல் படி: கிழங்கு வாங்குவது

கார்த்திகை முதல் மாசி வரை வாங்க நல்ல காலம். ஓசூர் பக்கத்து நர்சரிகளிலும், பெங்களூரிலும் கிடைக்கும். கிழங்கு பெரிய வெங்காயம் மாதிரி இருக்கும். கையில் எடுத்து அழுத்துங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். அடித்தட்டில், அதாவது வேர் கிளம்பும் இடத்தில், மெத்தென்று இருந்தால் வேண்டாம். முகர்ந்து பாருங்கள். மண் வாசனை அடிக்கலாம், புளித்த வாசனை அடிக்கக் கூடாது.

அளவு முக்கியம். ஒரு நூலைக் கிழங்கின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தால் 20 சென்டிமீட்டருக்கு மேல் வர வேண்டும். 26க்கு மேல் இருந்தால் இரண்டு தண்டுகூட வரும். எலுமிச்சை அளவுக் கிழங்கை மலிவாகத் தருவார்கள். அது பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும்.

நீல அமரில்லிஸ் என்று படம் போட்டு விதை விற்றால் வாங்காதீர்கள். சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, இளஞ்சிவப்பு, இவை கலந்த கோடு, அபூர்வமாக வெளிர் மஞ்சளும் இளம்பச்சையும் உண்டு, நீலம் கிடையாது. என்னிடம் ஒருவர் இதையே ‘டியூலிப்’ என்று சொல்லி இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருக்கிறார். டியூலிப்புக்கு மூன்று மாதத்துக்கு மேல் கடுங்குளிர் வேண்டும். நம் பக்கத்தில் குளிருக்குப் பேர்போன தளியில்கூட அது நடக்காது. ஃபிரிட்ஜில் வைத்து ஒருமுறை பூக்க வைக்கலாம், அடுத்த வருடம் குப்பைக்குத்தான் போகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆரஞ்சு நிறத்தில் சின்னப் பூ விடும் பழைய நாட்டு ரகம் ஒன்று பல வீடுகளில் கிணற்றடியில் தானாகக் கிடக்கும். குட்டி நிறையப் போடும், எதற்கும் அசராது. சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட இன்னொரு பழைய ரகமும் உண்டு. அமரில்லிஸ் கலப்பு ரகங்களின் கதை அந்த மாதிரிப் பூவில்தான் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் ஆர்தர் ஜான்சன் என்ற கடிகாரத் தொழிலாளி 1799இல் இரண்டு இனங்களைச் சேர்த்து முதல் கலப்பு ரகத்தை உண்டாக்கினார். கடையில் வரும் பெரிய டச்சு ரகங்கள் அழகுதான், ஆனால் கொஞ்சம் செல்லம் அதிகம்.

இரண்டாம் படி: தொட்டியும் மண்ணும்

சின்னத் தொட்டி எடுங்கள். கிழங்கை நடுவில் வைத்தால் சுற்றிலும் இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து கிழங்கை அழுக வைக்கும். ஆனால் பூத்தண்டு தலைக்கனம் பிடித்தது. எடை இல்லாத பிளாஸ்டிக் தொட்டி காற்றில் கவிழ்ந்துவிடும். எனவே மண் தொட்டி நல்லது. அடியில் ஓட்டை கட்டாயம்.

மண் கலவை: நம் செம்மண் இரண்டு பங்கு, கரகரப்பான மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. எலும்புத்தூள் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம், ஆனால் தெருநாய் மோப்பம் பிடித்துத் தொட்டியைத் தோண்டும். இரண்டு முறை பட்டுவிட்டு நான் நிறுத்திவிட்டேன். தேங்காய் நார்க்கழிவை இந்தச் செடிக்கு மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை விடவே விடாது. கரிசல் மண் இருக்கிற ஊர் என்றால் மணலைக் கூட்டுங்கள்.

மூன்றாம் படி: நடவு

உள்ளே போக வேண்டியது கிழங்கின் பாதி, அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்கு. கழுத்தும் தோளும் வெளியே தெரிய வேண்டும். முழுக்கப் புதைத்துவிட்டு ‘முளைக்கவே இல்லை’ என்பவர்கள்தான் அதிகம். வேர் உயிரோடு இருந்தால் வெட்டாமல் விரித்து வையுங்கள். காய்ந்த வெளித்தோலை மட்டும் உரித்தால் போதும். மண்ணை விரலால் அமுக்கி, ஒரே ஒரு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: முதல் தண்ணீரிலிருந்து பூ வரை

தளிர் நுனி தெரியும் வரை மண் மேலே காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். வாரம் ஒரு முறை வரும். வரும் தளிர் பூவா இலையா என்று எப்படித் தெரியும்? நுனி தட்டையாக, நாக்கு மாதிரி இருந்தால் இலை. சற்றுத் தடித்து, ஈட்டி முனை மாதிரி இருந்தால் பூ. தண்ணீர் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் பூத்துவிடும்.

தண்டு வெளிச்சத்தைத் தேடிச் சாயும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள். தண்ணீரைக் கழுத்துக்குள் ஊற்றாமல் ஓரமாக ஊற்றுங்கள். பூ விரிந்ததும் தொட்டியை நிழலான இடத்துக்கு மாற்றினால் நான்கைந்து நாள் கூடுதலாக நிற்கும். பங்குனி வெயிலில் விட்டால் மூன்றே நாளில் துணி மாதிரி துவண்டுவிடும். மகரந்தப் பைகள் வெடிப்பதற்கு முன் கிள்ளிவிட்டால் இதழில் மஞ்சள் தூள் கொட்டாது.

ஐந்தாம் படி: பூ முடிந்த பிறகு, அதாவது உண்மையான வேலை

இங்கேதான் பலர் செடியை மறந்துவிடுகிறார்கள். இந்தக் கிழங்கின் உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது: நான்கு இலைக்கு ஒரு பூங்கொத்து. ஒவ்வொரு நான்கு இலை உருவான பிறகும் ஒரு பூமொட்டு கருக்கொள்ளும். அந்தக் கரு வெளியே வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆக, இன்றைக்கு வாசலில் பூத்திருப்பது போன வருட இலைகளின் சம்பாத்தியம். இந்த வருடம் எட்டு இலை நன்றாக வளர்ந்தால் இரண்டு தண்டை எதிர்பார்க்கலாம். மூன்று இலையோடு நின்றுவிட்டால் அடுத்த பங்குனியில் வெறும் இலைதான்.

அதனால் வாடிய பூவைக் கிள்ளுங்கள், தண்டைப் பச்சையாக இருக்கும்போது வெட்டாதீர்கள். அதுவும் கிழங்குக்குச் சோறு போடும். மஞ்சளாகிச் சரிந்த பிறகு வெட்டினால் போதும். விதை வேண்டாம் என்றால் பூவுக்குப் பின்னால் வீங்கும் பச்சைக் காயையும் கிள்ளிவிடுங்கள்.

பூத்து முடிந்த கிழங்கு தொட்டுப் பார்த்தால் சற்றுச் சுருங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அதைக் கொழுக்க வைக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அரைநாள் நேர் வெயில் தாங்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் என்று கீழே இறங்க இறங்க வெயில் சுடும். காலை வெயில் மட்டும் போதும், பகல் பத்துப் பதினொரு மணிக்கு மேல் முருங்கை நிழலோ தென்னை நிழலோ கிடைத்தால் நல்லது. மாமரத்தடி வேண்டாம், நிழல் ரொம்ப அடர்த்தி.

உரம்: பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். புண்ணாக்கை அப்படியே தொட்டியில் போட்டால் எறும்பும் புழுவும் குடிவரும். கடை உரம் என்றால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் 19:19:19, லிட்டருக்கு 2 கிராம். ஆவணிக்குப் பிறகு தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்து கூட்டுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நம் பக்கம் பல இடங்களில் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் அதுதான். மழைக்காலத்தில் தொட்டியை வெளியே வைத்து ஒரு நல்ல மழை முழுக்க நனையவிட்டால் உப்பு கழுவிக்கொண்டு போகும்.

ஆறாம் படி: பட்டினி

இதுதான் விஷயமே. கார்த்திகை நடுவில் தண்ணீரை நிறுத்துங்கள். குறைப்பது இல்லை, நிறுத்துவது. வடகிழக்கு மழை இன்னும் மிச்சம் இருக்கும், அதனால் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள். இலைகள் மெல்ல மஞ்சளாகும், பிறகு காய்ந்து விழும். பச்சையாக இருக்கும் இலையை வெட்ட வேண்டாம். இலையில் இருக்கும் சத்து கீழே இறங்கட்டும்.

முதல் இரண்டு வருடம் என்னால் இதைச் செய்ய முடியவில்லை. செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதல்ல. அத்தை வேறு வரும்போதெல்லாம், “ஏம்ப்பா, ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா கொறஞ்சா போயிடுவ?” என்று கேட்பார். நானும் இரக்கப்பட்டு ஒரு சொம்பு ஊற்றுவேன். மார்கழிக் குளிரில், உறங்கும் கிழங்கால் அந்த ஈரத்தை உறிஞ்ச முடியாது. தை பிறந்தபோது கிழங்கைத் தொட்டால் விரல் உள்ளே போனது. அப்படி ஒரே குளிர்காலத்தில் ஐந்து கிழங்கு போனது.

எட்டு முதல் பத்து வாரம் இப்படிக் கிடக்க வேண்டும். வணிகமாக வளர்ப்பவர்கள் கிழங்கைத் தோண்டி 9 முதல் 13 டிகிரி குளிரில் இதே அளவு காலம் வைப்பார்கள். நமக்கு மார்கழி, தை இரவுகளின் குளிர் பாதி வேலையைச் செய்கிறது. ஓசூர், தளி பக்கம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகள் உண்டு. தருமபுரியில் அவ்வளவு குளிர் இல்லை என்றாலும் பரவாயில்லை, காய்ச்சல் போட்டாலே இந்தச் செடிக்குச் சேதி புரிந்துவிடும். இங்கே காய்ச்சல் என்றால் நிலத்தைக் காயப்போடுகிறோமே, அது.

தோண்டி எடுத்து வைப்பதானால் மண்ணை உதிர்த்து, காகிதத்தில் சுற்றி, காற்றாடும் இடத்தில் வையுங்கள். பொங்கலுக்கு வாங்கிய வாழைத்தார் தொங்கும் அறை வேண்டாம். பழம் பழுக்கும்போது வெளிவரும் வாயு உள்ளே இருக்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும். ஃபிரிட்ஜில் ஆப்பிளோடு வைத்தாலும் இதே கதி.

மாசி தொடக்கத்தில் மேல்மண் இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது உரமண் போட்டு, ஒரு முறை நன்றாகத் தண்ணீர். மறுபடி நான்காம் படி. தொட்டியை மாற்றுவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். வேர் நெருக்கம் இதற்குப் பிடிக்கும்.

நோயும் பூச்சியும்

இலையிலும் தண்டிலும் குங்குமம் தீற்றினாற்போல் சிவப்புக் கோடுகள் வந்தால் அது பூஞ்சை. தண்டு அந்தப் பக்கமாக வளைந்துவிடும். பட்ட இலையை வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தெளியுங்கள். தெளிப்பதை விட, இலை மேல் தண்ணீர் படாமல் ஊற்றுவது பெரிய மருந்து.

கறுப்பில் வெளிர் புள்ளி போட்ட தடித்த புழு ஒன்று மழைக்காலத்தில் கூட்டமாக வரும். இரவோடு இரவாக இலையை மேய்ந்து, கழுத்து வழியாகக் கிழங்குக்குள் போய்விடும். காலையில் டார்ச் அடித்துப் பொறுக்கி எடுப்பதுதான் என் முறை. முட்டை பொரிக்கும் கட்டத்திலேயே பார்த்தால் வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர் போதும். இலை இடுக்கில் மாவுப்பூச்சிக்கும் அதே மருந்து. இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வரி விழுந்தால் அது வைரஸ். மருந்து கிடையாது. வேரோடு எடுத்துத் தூர எறிந்துவிட்டு, கத்தியையும் கழுவுங்கள்.

கிழங்கு விஷம். லைகோரின் என்ற பொருள் இருக்கிறது, தின்றால் வாந்தி எடுக்கும். வெங்காயக் கூடைப் பக்கம் வைக்காதீர்கள். ஆடு, நாய்க்குட்டி, கையில் கிடைத்ததைக் கடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள். வெட்டும்போது வரும் சாறு சிலருக்கு அரிக்கும்.

பெருக்குவது

எளிய வழி குட்டிக் கிழங்கு. தாய்க் கிழங்கில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்து, சொந்த வேர் விட்ட பிறகு, மாசியில் மண் மாற்றும்போது பிரித்து நடுங்கள். நிலத்தில் நடுவதானால் மேட்டுப்பாத்தி எடுத்து ஒரு அடி இடைவெளி. ஐந்தாறு வருடம் தொடாமல் விட்டால் புதராகிப் பங்குனியில் ஒரே நேரத்தில் இருபது தண்டு நிற்கும்.

பொறுமை இருந்தால் விதை. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு நிறப் பூவின் சூல்முடியில் காலை வேளையில் தடவுங்கள். நான்கைந்து வாரத்தில் காய் மஞ்சளாகி மூன்றாக வெடிக்கும். உள்ளே கருகிய காகிதத் துண்டு மாதிரி கறுப்பு விதைகள் அடுக்கடுக்காக இருக்கும். காய வைத்துச் சேமிக்க வேண்டாம், புதிதாகவே போட வேண்டும். ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டால் பத்து இருபது நாளில் வெள்ளை வேர் விடும். வேர் விட்டதை எடுத்து மணல் கலந்த மண்ணில் படுக்க வையுங்கள். இந்தக் குட்டிகளுக்கு மட்டும் முதல் இரண்டு வருடம் பட்டினி கிடையாது. கார்த்திகையிலும் தண்ணீர் உண்டு. மூன்றாம் வருடம் முதல் பூ வரலாம். என்னிடம் அப்படிப் பதினோரு குட்டிகள் நிற்கின்றன, சிவப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்தவை. என்ன நிறம் என்று வருகிற பங்குனியில்தான் தெரியும். அத்தை ரோஸ் என்கிறார்.